பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டுள்ளது

பிப்ரவரி 9

மருமகனுக்கு அத்தை எழுதுவது.

முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே நீ, உன் மனைவி, சர்க்கரையோடு உன் அப்பா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. உன் அப்பாவைக் கேட்டது மரியாதைக்கு.

உன் கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் முழுக்கப் படித்தும் நீ என்ன கேட்கிறாய் என்று விளங்கவில்லை. "நம் இரு குடும்பங்களின் நீண்டகால நல்லுறவை மேலும் வலுப்படுத்தும் அரிய வாய்ப்பு" என்று எழுதியிருக்கிறாய். என் மகன் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அணை கட்டப் போறாங்களா?" என்றான். இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம் வந்தது. என் பேத்தியை உன் மகனுக்குக் கேட்கிறாய். இதை ஒரு வரியில் கேட்டிருக்கலாம். வெளியுறவுத் துறையில் உட்கார்ந்து உட்கார்ந்து உனக்கு வாய் இப்படி ஆகிவிட்டது.

கேட்பாய் என்று எனக்குத் தெரியும். உங்கள் மின்வாரியம் எங்களுக்குக் கரண்ட் விற்க லைன் இழுக்கிறது என்று உன் மகன் எஞ்சினியராக வந்து, போன கோடையிலிருந்து என் வீட்டு மாடியில்தான் இருக்கிறான். வந்த வாரமே காய்ச்சல். ஆஸ்பத்திரி லேபில் என் பேத்திதான் ரத்தம் எடுத்தாள். ஒரு சின்னக் குப்பி ரத்தத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பையனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பிட்ட தட்டை அவனே கழுவுகிறான். உன் வீட்டில் வளர்ந்தவனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஆனால் நான் எதையும் மறக்கிறவள் இல்லை. என் மகளை உனக்குக் கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேனே, அன்று வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னலைத் திறந்து, "அப்பா வீட்டில் இல்லை அத்தை" என்று சொன்னது நீ. நீலக் கோடு போட்ட சட்டை, மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லை. நீ சொல்லி முடிக்கிறதுக்குள் உனக்குப் பின்னால் உன் அப்பா தும்மினார். பிறகு அவரிடமிருந்து கடிதம் வந்தது. வெளியுறவுத் துறையில் சேருகிறவன் வேற்று நாட்டுப் பெண்ணைக் கட்ட விதி இடம் தராதாம். அந்த விதியில் கையெழுத்துப் போட்டதே துறைத் தலைவராக இருந்த அவர்தான். நீயும் அவளும் ஒரே தெருவில் ஓடித் திரிந்தவர்கள். தெரு நடுவில் எல்லை என்று ஒரு கதவை நட்டதும் அவள் வேற்று நாடு ஆகிவிட்டாள்.

அந்த விதியை எடுத்துவிட்டார்கள், புதுக் கொள்கையில் சுற்றியிருக்கிற ஐந்து நாட்டாரும் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். உங்கள் நாட்டுக்கும் உன் அப்பாவுக்கும் ஒரே குணம். "எங்கள் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது, நீங்கள்தான் வருவதில்லை" என்பீர்கள். தாழ்ப்பாள் உங்கள் பக்கம் அல்லவா இருக்கிறது? இன்றைக்குப் போட்டிருக்கிறதா, எடுத்திருக்கிறதா என்று வெளியே நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

அரசாங்க வேலையில் இருக்கிறவன் எங்கள் நாட்டுப் பெண்ணைக் கட்ட உங்கள் துறை 'ஆட்சேபம் இல்லை' என்று ஒரு தாள் தர வேண்டுமாமே. அதை முதலில் வாங்கு. பிறகு பேசலாம். என் மகளை ஆசை காட்டி உட்கார வைத்து எழுப்பினீர்கள். பேத்திக்கு அது நடக்க விடமாட்டேன்.

போனில் கூப்பிடாதே. போனில் நீ "பார்க்கலாம் அத்தை" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் அப்படி வைக்க முடியாது.

அத்தை

*

மார்ச் 2

பெருமதிப்புக்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்கள் முழங்கால் வலி விரைவில் குறைய வேண்டுகிறேன். இங்கு அனைவரும் நலம். அங்கு தங்கள் மகன், மருமகள், பேத்தி ஆகியோரின் நலம் அறிய விரும்புகிறேன்.

தங்கள் கடிதத்தில் கண்ட கருத்துகள் உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டன. கடந்த காலத்தில் நிகழ்ந்த சில தகவல் பரிமாற்றக் குறைபாடுகள் வருந்தத்தக்கவை. ஆனால் நாம் எதிர்காலத்தை நோக்க வேண்டும் என்பது என் பணிவான கருத்து.

அனுமதித் தாளுக்கான விண்ணப்பம் மின்வாரியத்திலிருந்து எங்கள் அண்டை நாடுகள் பிரிவுக்கு வந்துவிட்டது. அது என் பிரிவு என்பதால் நானே கையெழுத்திட முடியாது. மேலே அனுப்பியிருக்கிறேன். சாதகமான சூழல் நிலவுகிறது.

எங்கள் அமைச்சர் அடுத்த மாதம் தங்கள் நாட்டுக்கு வருகிறார். அவருக்கான உரையைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம். எனவே தாமதமாக எழுதுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
மருமகன்

*

ஏப்ரல் 17

மருமகனுக்கு,

எல்லாரும் சுகம். நீ விட்டுவிட்ட ஆளையும் சேர்த்துச் சொல்கிறேன். என் மகள் இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை. கண்ணாடி போட்டிருக்கிறாள். அவள் நிழலைக் கண்டாலே பசங்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

உங்கள் அமைச்சர் பேசியதை டிவியில் பார்த்தோம். என் மகன் சரக்கு ஏஜெண்ட், எல்லைக் கதவில் லாரிகளுக்குத் தாள் முடித்துக் கொடுப்பவன், அதனால் இந்த மாதிரிப் பேச்சுகளை நாங்கள் விடுவதில்லை. பாதிப் பேச்சில் அமைச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எங்கள் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிவந்தோம். தாழ்ப்பாள் எங்கள் பக்கம் இருப்பதை மறந்துவிட்டோம். வெளியே நின்றவர்களுக்கு அது தெரிய வழியில்லை" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி அழுதாள். என் பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். உன் மகனுக்குப் புரை ஏறியது.

ஏண்டா, அது நான் உங்கள் வீட்டைப் பற்றி எழுதியது. என் வயிறு எரிந்து எழுதின வரியை எடுத்துக்கொண்டு போய் ஒரு நாட்டுக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டாய். பத்திரிகையெல்லாம் அதைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. எனக்கென்று உன் கடிதத்தில் இருந்தது 'தகவல் பரிமாற்றக் குறைபாடு'. உன் அப்பாவும் டிவியில் கேட்டிருப்பார். அவருக்காவது உறைத்ததா?

இருந்தாலும் உங்கள் அமைச்சர் ஊரறியச் சொன்ன சொல். அந்த நம்பிக்கையில் சரி என்று சொல்கிறேன். சின்னதுகள் இரண்டும் அன்று முழுக்க மாடிக்கும் கீழுக்கும் காரணம் இல்லாமல் ஏறி இறங்கின. ஜூன் கடைசி ஞாயிறு. மண்டபத்துக்குச் சொல்லிவிட்டேன். தாள் அதற்குள் வந்துவிட வேண்டும்.

அத்தை

*

மே 11

பெருமதிப்புக்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்கள் சம்மதம் எங்கள் இல்லத்தில் பெருமகிழ்ச்சியை ஏற்படுத்தியது. இங்கு நலம்.

உரை நல்ல வரவேற்பைப் பெற்றதையொட்டி எனக்குப் பதவி உயர்வு வழங்கப்பட்டுள்ளது. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று அமைச்சர் கேட்டார். பொதுமக்கள் கருத்து என்று தெரிவித்தேன்.

அனுமதித் தாள் இறுதிக் கட்டத்தில் உள்ளது. தங்கள் அரசு துறைமுகம் கட்டும் பணியைத் தூரத்து நாடு ஒன்றின் நிறுவனத்திடம் கொடுக்கப் போவதாகச் செய்தி வந்துள்ளதால், எல்லாக் கோப்புகளும் ஒருமுறை திரும்பப் பார்க்கப்படுகின்றன. இது வழக்கமான நடைமுறையே. கவலை வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
மருமகன்

*

ஜூன் 14

மருமகனுக்கு,

சுகம் விசாரிக்க இப்போது மனம் இல்லை. சுகமாக இருப்பாய்.

எல்லைக் கதவைச் சாத்திவிட்டீர்கள். 'பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டுள்ளது' என்று பலகை. என் மகன் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். ஒரு கொத்தனார் இல்லை, ஒரு சட்டி சிமெண்ட் இல்லை. பெயிண்ட் டப்பாகூட இல்லை. பலகைக்கு மட்டும் புதுசாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். லாரிகள் பஸ் நிலையம் தாண்டி நிற்கின்றன. டிரைவர்கள் டயரடியில் படுத்திருக்கிறார்கள். தக்காளி வழிந்து ரோடு வழுக்குகிறது. காஸ் சிலிண்டர் கிடையாது. லேபில் டெஸ்ட் பண்ணுகிற மருந்து உங்கள் பக்கமிருந்து வர வேண்டியது, அதுவும் இல்லை. வருகிறவர்களை, "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிக்கொண்டு இருக்கிறாள் பேத்தி.

துறைமுகம் கட்டுவது யார் என்று என்னைக் கேட்டா முடிவு செய்தார்கள்? எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, உங்களுக்கு எரிச்சல் மூட்ட வேண்டும் என்றே செய்கிறவர்கள்தான். இரண்டு பக்கமும் பெரிய மனுஷர்கள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறீர்கள், நடுவில் அழுகுவது தக்காளி.

அதைவிட, உங்கள் எஞ்சினியர்களை எல்லாம் உடனே திரும்பச் சொல்லிவிட்டீர்கள். உன் மகன் சாப்பாட்டில் கை வைத்திருந்தபோது வேன் வந்தது. கையைக் கழுவக்கூட விடவில்லை. லைன் பாதியில் நிற்கிறது, கம்பம் இருக்கிறது, கம்பி இல்லை.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. மண்டபக்காரர் வந்து, "என்னம்மா, நடக்குமா?" என்கிறார். நடக்குமா என்று நீ சொல். தாள் எங்கே?

அத்தை

*

ஜூலை 20

மருமகனுக்கு,

பதில் இல்லை. ஜூன் கடைசி ஞாயிறு வந்து போய்விட்டது. மண்டபத்தில் வேறு யாருக்கோ கல்யாணம் நடந்தது, பாட்டுச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. பேத்தி அன்று லீவு போட்டிருந்தாள். லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

தபால் மட்டும் விமானத்தில் ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று தபால்காரர் சொன்னார். ஆகையால் கடிதம் வரவில்லை என்று சொல்லாதே.

அத்தை

*

ஆகஸ்ட் 18

அன்புள்ள அத்தை அவர்களுக்கு,

தங்கள் இரு கடிதங்களும் பெறப்பட்டன. அனைவரும் நலமென நம்புகிறேன். அப்பாவுக்குக் காலில் சிறு புண். மருத்துவம் பார்க்கப்படுகிறது.

தற்போதைய சூழலில், அனுமதித் தாள் தொடர்பான விண்ணப்பங்கள் அனைத்தும் தேதி குறிப்பிடாமல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன. மறுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். திருமணத்தைப் பொருத்தமான காலம் வரை ஒத்திவைப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

மகன் நலமாக இருக்கிறான். மின்வாரியம் அவனைப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பியுள்ளது. அதனால் அவனுடன் அடிக்கடி பேச இயலவில்லை.

இனி அலுவலக முகவரிக்கு எழுதாமல் வீட்டு முகவரிக்கு எழுதவும்.

மருமகன்

*

செப்டம்பர் 15

மருமகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால்கூடப் பரவாயில்லை. உன் அப்பாவின் காலை நன்றாகப் பார்க்கச் சொல், சர்க்கரைக்காரருக்குப் புண் ஆறாது.

உன் மகனின் பயிற்சி நன்றாக நடக்கட்டும்.

அத்தை

*

நவம்பர் 6

பெருமதிப்புக்குரிய அத்தை அவர்களுக்கு,

இனிய செய்தி. துறைமுகம் தொடர்பாக இரு அரசுகளும் உடன்பாட்டுக்கு வந்துள்ளன. எல்லைக் கதவு திறக்கப்படுகிறது. அப்பாவின் கால் தேறி வருகிறது.

மகனுக்கான அனுமதித் தாள் கையெழுத்தாகிவிட்டது. நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

ஒரு வேண்டுகோள். நம் இரு நாடுகளின் புதிய நட்புக்கு அடையாளமாக, திருமணத்தை எல்லைக் கதவிலேயே, இரு பக்கமும் பந்தல் போட்டு நடத்தலாம் என்று அமைச்சர் விரும்புகிறார். இரு நாட்டு அமைச்சர்களும் கலந்துகொள்வார்கள். தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகும். செலவு முழுவதும் துறையைச் சேர்ந்தது. நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். இது நல்லபடி நடந்தால் தங்கள் தலைநகரில் உள்ள எங்கள் தூதரகத்துக்கே என்னை அனுப்புவார்கள்.

பயிற்சி முடிந்து மகன் நேராக அங்கு வரக்கூடும். வந்தால் இதை அவனிடம் தெரிவிக்கவும். வீட்டில் அவன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தங்கள் அன்புள்ள,
மருமகன்

*

நவம்பர் 24

மருமகனுக்கு,

நீ கேட்டதை அவனிடம் தெரிவித்தேன். இரண்டு எட்டு நடந்தால் தெரிவித்துவிடலாம், அடுப்படியில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தான்.

உன் மகன் ஆகஸ்டிலேயே வந்துவிட்டான். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, உன்னோடு சண்டை போட்டுவிட்டு, எங்கேயோ மூன்றாவது நாட்டுக்குப் பறந்து, அங்கிருந்து விமானம் மாறி, ஒரே ஒரு பையோடு வாசலில் வந்து நின்றான். எதிர்வீட்டுக்குப் போக உலகத்தைச் சுற்றி வந்தவன் உன் மகனாகத்தான் இருப்பான். பதினைந்து நாளில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். என் மகனும் மகளும் சாட்சிக் கையெழுத்து. இப்போது இங்கே ஒரு தனியார் மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். எங்கள் வீட்டில் ஒரு ஸ்விட்ச்கூட இப்போது ஷாக் அடிப்பதில்லை.

அவன் பயிற்சியில் இருக்கிறான் என்று நீ எழுதின கடிதத்தை அவன்தான் பிரித்தான். படித்துச் சிரித்தான். பிறகு சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். மகன் வீட்டைவிட்டுப் போய்விட்டான், எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை, உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் அம்மாவுக்கு மட்டும் என் மகள் அப்போதே போன் பண்ணிச் சொல்லிவிட்டாள், ஆகவே கேட்டுக்கொண்டே இருப்பது அவள் இல்லை, நீதான். உன் மனைவி உன்னிடம் சொல்லவில்லை என்றால், ஏன் என்று நீ யோசி.

பந்தல் விஷயம். பேத்தியிடம் கேட்டேன். "ஒரு தடவை பண்ணியாச்சு பாட்டி. திரும்ப ஒரு தடவை கட்டிக்கிறதுக்கு அவர் என்ன பிடிக்காமலா போயிட்டார்?" என்றாள். உன் மகன், "கதவு மறுபடி சாத்தினா பந்தல்ல இருக்கிறவங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டான். இதற்கு உன் அமைச்சரிடம் பதில் வாங்கி வை.

நடக்காது. கல்யாணம் முடிந்துவிட்டது என்று அவரிடம் போய்ச் சொல். உன் தூதரகம் போனால் போகட்டும். மகனைப் பார்க்க வேண்டுமென்றால் கொடி கட்டின காரில் வராதே. எல்லாரையும் போல விசா வாங்கி, கதவில் வரிசையில் நின்று, நடந்து வா.

அத்தை

*

டிசம்பர் 19

அத்தை,

உங்கள் கடிதத்தை வீட்டில் படித்தேன். என் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கேட்டேன். "நீங்க கேட்டாத்தானே சொல்றதுக்கு" என்றாள்.

அமைச்சரிடம் போய்ச் சொன்னேன். ஆகஸ்டிலேயே நடந்த கல்யாணம் உங்களுக்குத் தெரியாதா என்றார். தெரியாது என்றேன். அண்டை நாடுகள் பிரிவின் தலைவர் நீங்கள், சொந்த மகன் அண்டை நாட்டில் இருப்பது தெரியாதா என்று மறுபடி கேட்டார். பக்கத்து அறையில் யாரோ சிரித்தார்கள். விருந்தினர் மாளிகை பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். திரைச்சீலையும் பாத்திரமும் என் பொறுப்பு.

லீவு போட்டிருக்கிறேன். விசா கிடைத்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை வருகிறேன். அவன் என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன்.

வரட்டுமா?

*

ஜனவரி 8

அண்ணனுக்கு,

உங்களுக்கு நான் கடிதம் எழுதி எவ்வளவு காலம் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கால் புண் ஆறிவிட்டதா? செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

உங்கள் மகன் இங்கே பத்திரமாக இருக்கிறான் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமை வரிசையில் நின்று, வெயிலில் கறுத்து, நடந்தே வந்தான். மறுநாள் காலை கதவைச் சாத்திவிட்டார்கள். இந்தத் தடவை காரணம் என்ன என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ரேடியோவில் மீன் என்கிறார்கள். பேப்பரில் ஏதோ வரைபடம் என்று போட்டிருக்கிறது. என் மகன் லாரி டிரைவர்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறான். திரும்பிப் போகலாமா என்று கேட்க உங்கள் மகன் கதவுவரை போனான். அந்தக் கதவுக்குச் சட்டதிட்டம் எழுதினவன் அவன். சிப்பாய் அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேலே கேட்கணும்" என்று சொன்னானாம்.

வந்த புதிதில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் பேத்தி வழியாகத்தான் கேட்டார்கள். தூதர் வேலை பார்த்துப் பார்த்து அவள் சலித்துவிட்டாள். நேற்றுக் காலை தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. பையன் மோட்டாரைப் பிரித்தான். உங்கள் மகன் பக்கத்தில் போய் நின்று, "அந்த வயர் அங்கே வராது" என்றான். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்றான் பையன். "ஒண்ணும் தெரியாது. ஆனா கறுப்பு வயர் ரெண்டு இருக்கே" என்றான். ஆரம்பித்தார்கள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. இரண்டு பேர் கையிலும் கிரீஸ். கத்திக்கொண்டு இருந்தார்கள், ஆனால் நேருக்கு நேர். தண்ணீர் இன்னும் வரவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் தூக்குகிறோம்.

உங்களுக்குத் துறையில் இன்னும் ஆட்கள் இருப்பார்கள். நீங்கள் ஒரு போன் பேசினால் உங்கள் மகனுக்கு மட்டும் கதவைத் திறந்து விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேச வேண்டாம். உங்களிடம் நான் எதையும் கேட்கக் கூடாது என்று இருந்தவள், இதைக் கேட்கிறேன்.

அந்த மோட்டார் ஓடுகிறவரைக்கும் கதவு சாத்தியே இருக்கட்டும்.

கோபம் தீராத,
தங்கை